பத்தாயிரம் வாலா

சரத்தைப் பிரித்துத் தெருவில் விரிக்கவே கால் மணி நேரம் ஆகும் போலிருந்தது. ஆகட்டும், அரை மணி நேரம்கூட ஆகட்டும் என்று கோமதிக்குத் தோன்றியது. பத்தாயிரம் வாலா என்றால் சும்மாவா? பாய் மாதிரி சுருட்டி வந்த சரம் பெரிய மாமா வீட்டு வாசல் கோலத்தில் தொடங்கி, பால்காரர் வீட்டைத் தாண்டி, பூட்டிக் கிடந்த தையல் கடையைத் தாண்டி, அடிபம்பை நோக்கிச் சிவப்பாக நீண்டுகொண்டிருந்தது. அழகர் குனிந்து குனிந்து உருட்டிக்கொண்டே போனான். பெரிய மாமாவின் மகன், அவள் கணவன் முத்துராஜுக்குப் பெரியப்பா மகன். பட்டாசு வெடிப்பதற்கென்றே சென்னையிலிருந்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டுச் சாத்தூர் வருகிறவன். "மதினி, பிள்ளைய முன்னால கொண்டாங்க, அவளுக்குன்னு வாங்கின சரம்லா" என்று நிமிராமலே கத்தினான். கோமதி ஒரு படி மட்டும் இறங்கினாள். இடுப்பில் ஆதிரை கனத்தாள். பதினைந்து மாதத்துக் கனம், அதோடு மாமியார் எடுத்துக் கொடுத்த வலைத்துணிக் கவுனின் கனம். கவுனின் மணிகள் கழுத்தை உறுத்தியிருக்க வேண்டும், பிள்ளை அதையே பிய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒரு வயது தாண்டிய பிள்ளையை அந்த வருஷத் தீபாவளிக்கு வாசலுக்குக் கொண்டுவந்து, அதன் பெயரைச் சொல்லிப் பெரிய சரம் கொளுத்துவார்கள். பயம் தெளியுமாம். தெளிகிறதோ இல்லையோ, பிள்ளை அழுததா, எவ்வளவு நேரம் அழுதது, யார் மடியில் போய் ஒளிந்தது என்ற பேச்சு, அதற்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் ஓயாது. முத்துராஜ் அழுததோடு நிற்கவில்லை, தூக்கி வைத்திருந்த பெரியப்பாவின் பட்டுக்கரை வேட்டியையும் நனைத்துவிட்டான். முப்பத்திரண்டு வயதில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மின்கம்பத்தில் ஏறி நிற்கிறவன், இந்தத் தெருவுக்குள் கால் வைத்தால் இன்றைக்கும் 'வேட்டி நனைச்சான்'தான்.

அவன் மகள் அழ மாட்டாள். அது எல்லாருக்கும் தெரியும். போன தீபாவளிக்கு ஆதிரை மூன்று மாதக் குழந்தை. இதே வீட்டுக் கூடத்தில், சேலைத் தொட்டிலில் கிடந்தாள். யாரோ விடலைப் பயல்கள் தகர டப்பாவைக் கவிழ்த்து உள்ளே வெடியை வைத்தார்கள். டப்பா மாடி உயரம் போய் விழுந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அழகரின் மகன் தருண் வீல் என்று அலறி மூச்சே நின்றுபோனவனாக நீலம் பாரித்தான், அவன் அம்மா செல்வி அவனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். தொட்டிலை விலக்கிப் பார்த்தால், இவள் வாயோரத்தில் பால் காய்ந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். "ஆத்தாடி, இதுல்ல பிள்ள! எங்க ஐயா வந்து பொறந்திருக்காருடா" என்று பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அன்று கோமதிக்கு என்ன பெருமை! தூங்கும் பிள்ளையைப் படமெடுத்து, 'வெடிக்கே அசராத எங்கள் வீட்டு வீராங்கனை' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினாள். அவள் அம்மாவுக்கு, கூட வேலை பார்த்த டீச்சர்களுக்கு, யார் யாருக்கோ. எத்தனை கைதட்டல் வந்தது. ஒருவராவது, ஒரே ஒருவராவது, ஏன் கோமதி இவ்வளவு சத்தத்துக்கும் பிள்ளை எழுந்திருக்கவில்லை என்று கேட்டிருக்கக் கூடாதா? அடுத்தவரை என்ன சொல்ல. பெற்றவளுக்கே கேட்கத் தோன்றவில்லை.

தோன்றியது ஆவணியில். அதுவும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. விருதுநகர் வாடகை வீட்டு அடுப்படியில் இட்லிக் கொப்பரையின் மூடி கை நழுவி விழுந்தது. சிமெண்டுத் தரையில் அது சுழன்று சுழன்று அடங்க எவ்வளவு நேரம்! மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா "என்னம்மா ஆச்சு" என்று குரல் கொடுத்தாள். ஆதிரை இரண்டடி தூரத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள். விளையாட்டு மும்முரம், அதனால் திரும்பவில்லை. சரி. மறுநாள் வேண்டுமென்றே போட்டாள். திரும்பினாள்! கோமதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, தூக்கிக் கொஞ்சிய கொஞ்சலில் பிள்ளை மிரண்டாள். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த நினைப்பு எறும்பு மாதிரி ஊறியது: தரை அதிர்ந்திருக்குமோ? பிள்ளை தரையில் அல்லவா உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் மெத்தையில் உட்கார வைத்துப் போட்டாள். திரும்பவில்லை. இன்னொரு நாள் மெத்தையிலிருந்தே திரும்பினாள். ஆனால் அப்போது மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை ஆடியது, அதைப் பார்த்தாளோ என்னவோ. பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஆதிரை. ஆதிம்மா. தங்கம். திரும்பவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை ஊரில் இல்லையா? குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கிறாள், ஆனால் அம்மா அடுப்பைப் பார்த்த பிறகுதான் பார்க்கிறாள். அப்பா வந்ததும் கதவைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஆனால் கதவு திறந்து வெளிச்சம் விழுந்த பிறகுதான் சிரிக்கிறாள். நான்கு மாதத்தில் 'ங்கா ங்கா' என்று ஊரைக் கூட்டினாளே, அந்தச் சத்தம் எப்போது நின்றது? ஒரு சத்தம் நின்ற தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும். "அவங்கப்பன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், இப்ப மூடுதானா பாரு" என்று மாமியார் சிரிக்கிறாள். அதைக் கேட்டால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நேரம்தான்.

"ஏத்தா கோமதி, பிள்ளைக்குக் காதப் பொத்திக்கோ, பத்தவைக்கப் போறான்" என்று பின்னாலிருந்து பெரியத்தை சொன்னாள். இல்லை, அழகர் இன்னும் அடிபம்பை எட்டவில்லை. நடுவில் ஒரு முடிச்சு சிக்கிக்கொண்டது, உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தான். நல்ல சிக்கலாக இருக்கட்டும். காலையிலிருந்து எத்தனை தடவை இந்தக் காதுகளைப் பொத்தியாகிவிட்டது. எண்ணெய்க் குளியல் முடிந்து மாமியார் வீட்டு வாசலில் பொத்தினாள். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, சின்ன மாமியார் வீட்டுக்கு அதிரசம் கொண்டுபோனபோது வழிநெடுகப் பொத்தினாள். ஒரு தெருவில் வெடியே இல்லை, அங்கேயும் பொத்திக்கொண்டு நடந்தாள், முத்துராஜ் திரும்பி ஒரு மாதிரி பார்த்தான். பிள்ளைக்காகப் பொத்தவில்லை. தனக்காகத்தான். பொத்தியிருந்தால், பிள்ளை திடுக்கிடாததற்குக் காரணம் தன் உள்ளங்கை என்று இருக்கும். கையை எடுத்துவிட்டால் காரணம் கைவசம் இல்லை.

அந்த அம்மாவின் முகம் வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது. கல்யாணத்துக்கு முன் கோவில்பட்டியில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தபோது, லோகேஷ் என்று ஒரு பையன். மணியடித்தால் மற்றவர்கள் எழுந்த பிறகே எழுவான். இரண்டு வாரம் கவனித்துவிட்டு, அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "பையனுக்கு ஒருக்கா காதைக் காமிச்சிருங்கக்கா" என்றாள். சும்மா, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது போல. அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாது. நீ பெத்துப் பாரு, அப்பறம் சொல்லு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். ஸ்டாஃப் ரூமில் எல்லாருமாகச் சிரித்தார்கள், கோமதியும்தான். படிக்காத ஜனம், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது எம்.எஸ்ஸி., பி.எட். படித்த ஜனம் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பொத்துவதற்குக் கையைத் தயாராக வைத்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரியாதவளுக்கு அவ்வளவு கோபம் வராது.

இன்னொன்றும் உண்டு, அதை மட்டும் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். தடுப்பூசி அட்டைக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கொடுத்தது. "பத்தாம் நாள் கொண்டாங்கம்மா, காது டெஸ்ட் எடுக்கணும், அஞ்சு நிமிசம்தான்." பத்தாம் நாள் எப்படிக் கொண்டுபோவது? தீட்டு கழியாமல் பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்று அம்மாவும் சொன்னாள், மாமியாரும் சொன்னாள். அந்த இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நாற்பத்தோராம் நாள் பேர் வைத்தார்கள், மைசூர்பாகு நன்றாக வந்தது, சீட்டு மறந்துபோனது. போன மாதம் ஊசித் தேதி பார்க்க அட்டையைப் பிரித்தபோது மடியில் விழுந்தது. அஞ்சு நிமிசம். கோமதி அதை மறுபடி நாலாக மடித்து, அதே இடத்தில் வைத்து, அட்டையைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தள்ளினாள். யாரிடமிருந்து ஒளித்தாள்? அந்தப் பீரோவை அவளைத் தவிர யாரும் திறப்பதே இல்லை.

முத்துராஜிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தாள் கூட, இரண்டு முறை. ஒரு முறை அவன் பிள்ளையை வயிற்றின்மேல் உட்கார வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. இன்னொரு முறை எரிச்சலில் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அவனுக்கும் இப்போதெல்லாம் என்னவோ ஆகிவிட்டது. மெதுவாக நடந்துகொள்ளத் தெரிந்த மனிதன், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை அமுக்கிப் பிடிக்கிறான். சாவிக்கொத்தை மேஜையில் வைக்காமல் தரையில் போடுகிறான். ஒருநாள் கட்டிங் பிளேயரைக் கட்டில் பக்கத்தில் தொப்பென்று போட்டான். "கைல என்ன ஓட்டையா? பிள்ள தூங்குதுல்ல" என்று சீறினாள். சீறிய மறு நொடியே பிள்ளையைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு குளிக்கப் போனான். இவ்வளவு பொறுப்பில்லாத ஆளிடம் என்னவென்று சொல்வது? தீபாவளி கழியட்டும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பண்டிகை, அவன் அண்ணன் தம்பிகளோடு சிரித்துக்கொண்டிருக்கிறான், 'வேட்டி நனைச்சான்' மகள் அழாமல் நின்று அந்தப் பெயரைத் துடைக்கப் போகிறாள் என்று காலையிலிருந்து எல்லாரும் அவனைக் கிண்டலடிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். நாளை சொல்லலாம். நாளை அமாவாசை, நாளன்றைக்குச் சொல்லலாம்.

"எல்லாரும் படியேறுங்க!" அழகர் கையில் ஊதுபத்தியோடு நின்றான். மணி ஏழேகால். எட்டுக்குள் வெடித்து முடித்துவிட வேண்டும், அதற்குமேல் போலீஸ் வரும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். தெருவே வாசல்களில் கூடி நின்றது. பெரிய மாமா அதே பட்டுக்கரை வேட்டியில், வருஷா வருஷம் இதற்காகவே எடுத்துக் கட்டுவார், நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வீட்டு ஆதிரைக்கு!" என்றார். முத்துராஜ் தெருவின் எதிர்ப்பக்கம், தண்ணீர் வாளியோடு காவலுக்கு நின்றான். ஏன் இவன் சரத்தைப் பார்க்காமல் எங்களையே பார்க்கிறான்? செல்வி தருணின் காதுகளை இரண்டு கையாலும் அழுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி, அதற்கடுத்த வீட்டுக்காரி, பிள்ளை வைத்திருந்த அத்தனை பேரும் பொத்தினார்கள். கோமதியின் வலது கை தானாக உயர்ந்தது. உயர்ந்து, பிள்ளையின் காதருகே நின்றது. சின்னக் காது. மொட்டுத் தோடு. அஞ்சு நிமிசம்தான். இதற்குமேல் ஒரு சத்தத்தை அவள் எங்கே போய்த் தேடுவாள்? இட்லிக் கொப்பரை மூடியால் இன்னும் எத்தனை நாள் தன்னை ஏமாற்றிக்கொள்வாள்? தெருவைப் பார்த்தால் பிள்ளை நெருப்பைப் பார்த்துவிடும், பிறகு அதுவும் தெரியாமல் போகும். கோமதி ஆதிரையைத் திருப்பி, முகம் வீட்டுப்பக்கம் இருக்கும்படி தோளில் சாய்த்துக்கொண்டாள். கையைக் கீழே இறக்கினாள். முருகா, அழ வை. இவ்வளவுதான் கேட்கிறேன். வீல் என்று அழட்டும், என் சேலையை நனைக்கட்டும், காலத்துக்கும் இவளைச் 'சேலை நனைச்சா' என்று கூப்பிடட்டும்.

பிடித்துக்கொண்டது. முதல் வெடிக்கே கோமதியின் தோள் தூக்கிப்போட்டது. பிறகு தனித்தனியாக எதுவும் இல்லை, ஒரே சத்தம், தெரு முழுக்க, பல்லுக்குள், நெஞ்செலும்புக்குள். தருண் அலறுவது வாய் திறந்திருப்பதில்தான் தெரிந்தது. தெருநாய் ஒன்று வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது. ஆதிரையின் நெஞ்சு கோமதியின் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அங்கே ஒரு படபடப்பு, அது யாருடையது? தன்னுடையது. பிள்ளையினுடையது நிதானமாக, தூங்கும்போது இருப்பது போலவே அடித்தது. கவுன் மணியைப் பிய்க்கும் விரல்கள் கழுத்தில் ஊர்ந்தன. ஓர் அசைவு, ஒரு திடுக்கிடல், ஓர் உதறல் வராதா என்று கோமதி தன் உடம்பு முழுவதையும் வைத்துக் காத்திருந்தாள். சரம் பால்காரர் வீட்டைத் தாண்டியது. தையல் கடையைத் தாண்டியது. அப்போது ஆதிரை தலையைத் தூக்கினாள். பிள்ளை பின்னால் நின்ற செல்வியைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள், ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, பிசுபிசுத்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து அம்மாவின் காதுகளில் வைத்துப் பொத்தினாள். எல்லாரும் விளையாடுகிற விளையாட்டு, நாமும் விளையாடுவோம் என்பது போல. சத்தம் சட்டென்று தூரமாகப் போனது. அந்தச் சின்னக் கைகளுக்குள் நின்றுகொண்டு கோமதி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். இனி மூடி வேண்டாம். தெரிந்துவிட்டது.

கடைசி வெடி அடிபம்பருகே வெடித்தது. புகை தெருவை மூடியிருந்தது, சிவப்புக் காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. புகைக்குள்ளிருந்து பெரிய மாமா கைதட்டிக்கொண்டே வந்தார். "பாத்தீகளாடா! கண்ணு சிமிட்டலயே! வேட்டி நனைச்சான் வயித்துல சிங்கம் பொறந்திருக்குடா!"

தெருவே சிரித்தது. கோமதியும் சிரித்திருக்கலாம், போன வருஷம் சிரித்தவள்தானே.

"தைரியம் இல்ல மாமா," என்றாள். "அவளுக்குச் சத்தம் கேக்கல. எம்பிள்ளைக்குக் காது கேக்கல மாமா."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத நீ," என்று பெரியத்தை பதறினாள். "வாயக் கழுவு. சின்னப் பிள்ள, என்னத்தையோ பராக்குப் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்."

"இல்ல பெரியம்மா." முத்துராஜ் வாளியை நடுத்தெருவில் வைத்துவிட்டு வந்தான். அவன் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, கோமதியைப் பார்த்தான். "அவ சொல்லுதது சரிதான். நானும் விநாயகர் சதுர்த்தியில இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஹாரன் அடிச்சுப் பாத்தேன். சாவியப் போட்டுப் பாத்தேன்."

சாவிக்கொத்து. கட்டிங் பிளேயர். கைல என்ன ஓட்டையா என்று கேட்டாளே. ஒரே வீட்டில், ஒரே பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆளுக்கொரு சாமானாகக் கீழே போட்டுப் போட்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"நீ பிள்ளையோட சிரிச்சுக்கிட்டு இருந்த." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நாளைக்கு ஆஸ்பத்திரி லீவு. நாளன்னைக்கு மதுரைக்குப் போயிருவோம், என்ன? காலம்பறவே போயிருவோம்."

அவள் தலையை ஆட்டினாள். அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சீட்டையும் அவனிடம் காட்ட வேண்டும். ஊருக்கே பட்டப்பேர் வைக்கிற பெரிய மாமா வந்து ஆதிரையின் காலைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி தொட்டார். அழகர் அடிபம்பிலிருந்து அடுத்த பெட்டியோடு வருவதைக் கண்டதும், "ஏலே, நிறுத்துலே, போதும், எல்லாத்தையும் உள்ள தூக்கி வையி" என்று அதட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

கோமதி பிள்ளையைத் தெருவைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் வீட்டுப்பக்கமே பார்த்திருந்த பிள்ளை, புகையைக் கண்டு இரண்டு கையையும் நீட்டியது.

"நிறுத்த வேண்டாம் மாமா," என்றாள். "பூச்சட்டி வையுங்க. அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும்."